கட்டுகிற வரைக்கும் பார்க்கக் கூடாது

கலியாணத்துக்கு முதல் நாள் தன்னுடைய தாலிக்கொடியைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த மணப்பெண், கொழும்பு முழுக்கத் தேடினாலும் தன்னைத் தவிர இன்னொருத்தி இருக்கமாட்டாள் என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். நினைத்தபோது சிரிப்பு வந்தது. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறங்கச் சொன்னபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு பெண் வாசல்படி தாண்டக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அவள் வேலை செய்த கொட்டாஞ்சேனைக் கம்பனியில் முதலாளி அந்த வழக்கத்தைக் கேட்கத் தயாராக இல்லை. கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வரைக்கும் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றுவிட்டார். மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அக்கா அருந்ததி தொலைபேசியில் வந்தாள். செட்டியார் தெரு நகைப் பத்தர் தாலிக்கொடியின் கொளுக்கியை இப்போதுதான் ஒட்டி முடித்தாராம். போய் எடுக்க வீட்டில் ஆளில்லை. அருந்ததியின் புருஷன் மத்திய கிழக்கில். மாப்பிள்ளையான தம்பி சிறீயோ கனடாவிலிருந்து வந்த நாளிலிருந்து இரண்டு தரம் வீதியில் மறித்து விசாரிக்கப்பட்டு, அக்காவின் உத்தரவில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தான்.

"நீ வாற வழிதானே ஜெகா. எடுத்துக்கொண்டு வந்து கதவடியில தந்திட்டுப் போ. சிறீயை நான் அறைக்குள்ள வைச்சுப் பூட்டிவிடுறன். உன்ர அம்மாட்டைச் சொல்லாதை, மனுசி பத்திரகாளி ஆயிடுவா. இன்னொண்டு, திறந்து பார்த்துப்போடாதை. கட்டுற வரைக்கும் பொம்பிளை தாலியைப் பார்க்கக் கூடாது. எங்கட வீட்டில கண்டிப்பு."

பத்தர் கொடியை ஒரு வட்டத் தகர டப்பாவுக்குள் வைத்து, மஞ்சள் தோய்த்த துணியால் சுற்றிக் கொடுத்தார். ஜெகதீஸ்வரி கடையின் பின்னறைக்குப் போய் அதை ஒரு நீளத் துணியில் பொதிந்து, சேலைக்கும் பாவாடைக்கும் நடுவே இடுப்பில் கட்டினாள். அம்மா சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தபோது வீட்டு நகை முழுவதையும் அப்படித்தான் கொண்டுவந்தாள். கைப்பையைப் பறிப்பார்கள், சூட்கேஸைக் கிண்டுவார்கள், இடுப்பில் இருப்பதுதான் நமக்கு என்பது அம்மாவின் கணக்கு. அம்மா போடுகிற முடிச்சுத்தான் மகளுக்குத் தெரியாது. தெரிந்த முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

கொள்ளுப்பிட்டியில் கைப்பையை மட்டும் பார்த்துவிட்டு ஏறச் சொன்னார்கள். பம்பலப்பிட்டி தாண்டும் வரை அவள் கை அடிக்கொருதரம் இடுப்புக்குப் போய் டப்பாவைத் தொட்டுப் பார்த்துத் திரும்பியது. தொடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் இறங்கி, கடலுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பியபோது மதில் நெடுக ஒரே முகம் ஒட்டியிருந்தது. நரைத்த தலை, கறுப்புக் கண்ணாடிச் சட்டம், கழுத்தில் மாலை. கீழே 'அச்சமின்றி வாழ்வோம்' என்று பெரிய எழுத்து. ஒரு வருஷ இடைவெளியில் இரண்டாவது தேர்தல். போன தரத்துச் சுவரொட்டிக்கு மேலேயே இந்தத் தரத்தையும் ஒட்டியிருந்தார்கள். அந்த வேட்பாளர் பாலசுந்தரத்தை அவளுக்கு நேரில் தெரியாது. அவருடைய கட்சி, குண்டு கட்டிய ஆட்களை அனுப்புகிற இயக்கத்தோடு பகைத்த கட்சி என்பதும், அவர் மூச்சு விடுவதற்கும் பொலீஸ் காவல் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

அருந்ததி இருந்த மாடிக் கட்டிடத்தின் முன்னால் இரண்டு ஜீப் நின்றன. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தரம் நினைத்தாள். ஜீப்பைக் கண்டு திரும்பிப் போகிற தமிழ்ப் பெட்டையைத்தான் முதலில் மறிப்பார்கள் என்று அப்போது தோன்றியது. நேரே நடந்தாள். வாசலில் நின்றவன் கைப்பையைத் திறந்து பார்த்து, அடையாள அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, போகவிட்டான். மின்வெட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடிக்கு அழுத்தினாள்.

லிஃப்ட் முதலாம் மாடியில் நின்றது. கதவு திறந்தபோது, மதிலில் இருந்த முகம் அவளுக்கு முன்னால் நின்றது.

படத்தில் இருந்ததைவிட ஆள் குள்ளம். நெற்றியில் யாரோ வைத்த சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர். பக்கத்தில் சிவில் உடுப்பில் கட்டுமஸ்தான ஒரு காவலன். காவலன் அவளைக் கண்டதும் கையை நீட்டி அவரைத் தடுத்தான். அவரோ ஒரு வோட்டைக் கண்ட வேட்பாளரின் சிரிப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"பரவாயில்லை ஜயந்த, ஏறும். மற்ற ஆக்கள் படியால வரட்டும்," என்று காவலனிடம் சிங்களத்தில் சொன்னார்.

கதவு மூடியது. அவர் அவளைப் பார்த்து, பிள்ளை எந்த மாடி, எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்டார். ஐந்தாம் மாடி, ஊர் கோண்டாவில், கொட்டாஞ்சேனையில் வேலை என்று அவள் சொன்னாள். பின்னேரம் கொட்டாஞ்சேனையில்தான் தனக்குக் கூட்டம் என்றார். அப்படியா என்றாள். அவ்வளவுதான் கதை. அதற்குள் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வெளிச்சம் போயிற்று.

பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு முன்பே மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். லிஃப்ட் குலுங்கியபோது இடுப்பு முடிச்சு ஒரு விரல் அளவு இளகியதை ஜெகதீஸ்வரி உணர்ந்தாள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

அதே நேரம் காவலன் சின்ன ரோர்ச்சை அடித்தான். வெளிச்சம் நேரே அவளுடைய கையில் விழுந்தது. சேலைக்கு உள்ளே, இடுப்பில், எதையோ பிடித்துக்கொண்டிருந்த கையில்.

"அத் தெக உஸ்ஸன்ன."

கையை உயர்த்தச் சொல்கிறான் என்று விளங்குவதற்கு முன்பே அவன் மற்றக் கையில் துப்பாக்கி இருந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். அவன் தோளால் தள்ளிய வேகத்தில் பாலசுந்தரம் மூலையில் போய் ஒட்டிக்கொண்டார். காவலன் அவருக்கு முன்னால் மதிலாக நின்றபடி, சட்டைக் கழுத்தில் இருந்த ஒலிவாங்கிக்குள் கிடுகிடென்று சொன்னான். சந்தேகத்துக்குரிய பெண், லிஃப்டுக்குள், இடுப்பில் சாமான். அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்துக்கே அது விளங்கிற்று.

"மொனவத ஓக்க?"

அது என்ன என்று கேட்கிறான். அவளுக்குச் சிங்களம் வரவில்லை. தமிழும் வரவில்லை. கையை மேலே வைத்திருக்க வைத்திருக்க, இடுப்பில் கட்டு மெல்ல மெல்ல வழுகிக்கொண்டிருந்தது. கையைக் கீழே கொண்டுபோனால் சுடுவான். கொண்டுபோகாவிட்டால் டப்பா விழும். அது விழுகிற சத்தத்துக்கும் சுடுவான். வயிற்றை எக்கிப் பிடித்துப் பார்த்தாள். அது இன்னும் மோசமாயிற்று. நாளைக்கு இந்த நேரம் கூறைச்சேலையோடு இருக்கவேண்டியவள், இப்போது நெஞ்சில் ஓட்டையோடு கிடப்பேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைப் பேப்பரில் தன்னைப் பற்றி என்ன போடுவார்கள், அதை அம்மா எப்படி வாசிப்பாள்? அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அதையும் நினைத்தாள்.

"பிள்ளை," என்று காவலனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுவரொட்டிக்குரிய குரல் அல்ல அது. காய்ச்சல்காரனின் குரல். "பிள்ளை, எனக்கும் பெம்பிளைப் பிள்ளையள் இருக்கு. ஒண்டும் செய்துபோடாதையும்."

அவர் தன்னைக் கெஞ்சுகிறார் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்த மனுசன் தனக்குப் பயப்படுகிறார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற தனக்கு.

"தாலிக்கொடி," என்றாள். "என்ர தாலிக்கொடி. நாளைக்கு எனக்குக் கலியாணம்."

காவலன் அதை மொழிபெயர்க்கும்படி கேட்டான். அவர் சொன்னார். அவன் நம்பவில்லை. கலியாணப் பெண் கழுத்தில் தாலி இருக்கும், இடுப்பில் எதற்கு என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். தாலி எப்படிப்பட்டது, எந்த வேலைப்பாடு, பிள்ளையார் தாலியா அம்மன் தாலியா என்று பாலசுந்தரம் மெதுவாகக் கேட்டார். பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

"தெரியாது ஐயா. நான் பார்க்கேல்லை."

தன் தாலி எப்படியிருக்கும் என்று தெரியாத மணப்பெண் யாருக்கும் நம்பக்கூடிய ஆள் அல்ல.

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. டப்பா பாவாடை வழியே தொடையில் குளிர்ந்து, முழங்காலில் இடித்து, லிஃப்டின் தகரத் தரையில் 'டங்' என்று விழுந்தது. காவலன் அப்படியே பின்னால் சாய்ந்து தன் உடம்பால் அவரை மூலையோடு சேர்த்து மூடினான். ஜெகதீஸ்வரி சுடப்படக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மேலே எங்கேயோ ஆட்கள் படியில் ஓடுகிற சத்தம். லிஃப்ட் கதவில் யாரோ தட்டினார்கள்.

காவலன் வெளிச்சத்தை டப்பாவில் பிடித்தான். அவளே குனிந்து, அவளே அதைத் திறக்கவேண்டும் என்றான். மெதுவாக. பாலசுந்தரம் அதைத் தமிழில் சொன்னார்.

அவள் குந்தினாள். மஞ்சள் துணியைக் கையில் எடுத்தாள். அந்த நேரத்தில் மனிசருக்கு என்ன புத்தி வேலை செய்யும் என்று சொல்லமுடியாது. துப்பாக்கி தலைக்கு மேலே நின்றது. அவளுக்கோ அருந்ததி மச்சாளின் குரல்தான் காதில் கேட்டது. சாகாமல் தப்பினால் நாளைக்குக் கலியாணம் நடக்கும். நடந்தால், பார்க்கக் கூடாததைப் பார்த்துக் கட்டின தாலியாக அது இருக்கக் கூடாது. கண்ணை இறுக மூடினாள். முகத்தையும் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் துணியின் முடிச்சைத் தேடத் தொடங்கினாள்.

காவலன் கத்தினான். அவள் கடைசியாகச் சாமி கும்பிடுகிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். துப்பாக்கியின் குளிர் அவள் நெற்றிப் பொட்டில் பட்டது. அப்போதும் கண் திறக்கவில்லை.

"ஜயந்த, பொறும்." அவர் குரல் கிட்ட வந்தது. "பிள்ளை, ஏன் கண்ணை மூடினீர்?"

"கட்டுற வரைக்கும் பார்க்கக் கூடாதாம் ஐயா. மச்சாள் சொன்னவ."

பிறகு காவலனுக்கு அவர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். துப்பாக்கி நெற்றியை விட்டு விலகியது. மூடிய கண்ணிமைக்கு மேலே வெளிச்சம் சிவப்பாக நகர்ந்தது. அவள் கையிலிருந்து டப்பாவை யாரோ மெதுவாக வாங்கினார்கள். மூடி திறந்தது. அந்த இருட்டுப் பெட்டிக்குள் மூன்று பேரின் மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது.

"நல்ல வடிவாயிருக்குப் பிள்ளை," என்றார் பாலசுந்தரம். "மூடிப்போட்டன். இனிக் கண்ணைத் திறவும்."

திறந்தபோது அவர் அவளுக்கு எதிரே தரையில் குந்தியிருந்தார். மஞ்சள் துணியைத் திரும்பவும் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

காவலன் ஒலிவாங்கியில் பேசினான். அங்கிருந்து வந்த பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பாலசுந்தரம் சுருக்கமாக விளக்கினார். ஒரு தரம் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். கதவு திறந்ததும் அவளைப் பொலீசுக்குக் கொண்டுபோவார்கள். தான் தொலைபேசியில் சொன்னால் இருட்டுவதற்குள் விட்டுவிடுவார்கள். ஆனால் அவளிடம் எடுத்த சாமானை விடமாட்டார்கள். அது தடயம். பதிந்து, கட்டி, முத்திரை குத்தி வைத்துவிடுவார்கள்.

"கலியாணம் எத்தினை மணிக்கு?"

"காலமை. வெள்ளவத்தை ஸ்டேஷனடி மண்டபத்தில."

"அப்ப இதை என்னட்டைத் தாரும். இந்தக் கட்டிடத்தில சோதிக்காமல் வெளியில விடுற ஒரே ஆள் நான்தான்."

மேலே கம்பியால் கதவை நெம்புகிற சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை. தேர்தலுக்குத் தேர்தல் முகத்தைக் காட்டுகிற ஒருவரிடம் தாலிக்கொடியைக் கொடுப்பதா? சிறீயின் அம்மா சாகும்வரை பெட்டிக்குள் வைத்திருந்த பவுனை உருக்கிச் செய்தது அது. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லுகிற மனுசனுக்குக் கை இப்படி நடுங்காது என்று ஏனோ பட்டது. தலையாட்டினாள். டப்பா அவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று. காவலன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொலீசில் பெண் உத்தியோகத்தர் ஒருத்தி இடுப்புத் துணியை எடுத்து விரித்து, மடித்து, முகர்ந்துகூடப் பார்த்தாள். இதற்குள் என்ன இருந்தது என்ற ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரிக் கேட்டார்கள். முதுகு வலிக்குக் கட்டினேன் என்று ஜெகதீஸ்வரி சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவரையும் இழுக்கவேண்டி வரும். பக்கத்து அறையில் யாரோ ஒரு பெடியன் அழுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அழுகைக்குப் பிறகு தன் முறை வரும் என்று நினைத்தபடி இருந்தாள். நெடுநேரம் கழித்து மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்று பேசினார். அதன்பிறகு அவளுக்குத் தேத்தண்ணி வந்தது.

வெளியே வந்தபோது வாசலில் கிடந்த மரவாங்கில் சிறீ உட்கார்ந்திருந்தான். கனடாக் கடவுச்சீட்டை மார்போடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி இருந்தான். இளம் தமிழ்ப் பெடியன் தானாகப் படியேறுகிற இடமல்ல அது. உம்மை ஜீப்பில் ஏற்றுவதை மேலேயிருந்து கண்டேன், அக்கா கதவைப் பூட்டிவிட்டாள், யன்னலால் இறங்கினேன் என்றான். ஐந்தாம் மாடி யன்னலால் எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு பிறிஜெற் அன்ரியின் பல்கனிக்குத் தாவினானாம். அவளுக்கு அழுகை வந்தது. கலியாணத்துக்கு முன் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

"நீர் வந்திட்டீர். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்," என்றான்.

அருந்ததிக்கு அது காணாது. அம்மா வாடகைக்கு இருந்த வீட்டில் எல்லோரும் கூடியபோதுதான் கொடி எங்கே என்ற கேள்வி வந்தது. ஜெகதீஸ்வரி உள்ளதைச் சொன்னாள். அம்மா சுவரோடு சாய்ந்துகொண்டாள். தனக்குச் சொல்லாமல் இந்த வேலைக்குப் பெண்ணை அனுப்பியது யார் என்று கேட்டு, பதில் தெரிந்ததும் சம்பந்தி என்றும் பாராமல் அருந்ததியைப் பிடித்தாள். அருந்ததி திருப்பிக் கொடுத்தாள்.

"வோட்டுக் கேட்டு வந்தவனிட்டத் தாலியைக் குடுத்திட்டு வந்து நிக்கிறா. அவன் எலக்சன் முடிய றோட்டைத் திருத்துறன் எண்டவன், இன்னும் திருத்தேல்லை."

"அக்கா," என்றான் சிறீ, "மஞ்சள் கயிறு இருக்கு, மஞ்சள் இருக்கு, பொம்பிளை இருக்கிறா. நான் கட்டுவன்."

செத்துப்போன தன் அம்மாவின் பெயர் சொல்ல மிஞ்சியது அந்தப் பவுன் ஒன்றுதானே என்று அருந்ததி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் யாருக்கும் கோபப்பட முடியவில்லை.

ஜெகதீஸ்வரிக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லமுடியாத வேறொரு பயம் இருந்தது. பின்னேரம் கொட்டாஞ்சேனையில் கூட்டம் என்று அவர் சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. வானொலியைப் போடச் சொன்னாள். கலியாண வீட்டில் என்ன செய்தி வேண்டிக்கிடக்கு என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். மூன்றாவது செய்தியாக அது வந்தது. கொட்டாஞ்சேனையில் தேர்தல் கூட்டம் முடிந்து கலைகிற நேரம் கைக்குண்டு வீச்சு. சிலர் காயம். ஒருவர் மரணம். பெயர் இல்லை.

வானொலி அடுத்ததாகக் காலநிலை சொன்னது. அருந்ததி மெல்ல எழுந்து அதை நிறுத்தினாள். ஜெகதீஸ்வரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் மருதாணி போட வந்திருந்த பெண்ணிடம், பிறகு வா என்று சைகை காட்டினாள்.

ஒரு அரசியல்வாதி உயிரோடு இருக்கவேண்டும் என்று நேர்த்தி வைப்பேன் என்று ஜெகதீஸ்வரி நினைத்ததே இல்லை. அன்றைக்கு வைத்தாள். கொடி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், அந்த வழிந்த சந்தனமும், 'எனக்கும் பெம்பிளைப் பிள்ளையள் இருக்கு' என்ற குரலும் குறுக்கே வந்தன. கடைசியில் கொடியைப் பற்றிக் கேட்காமலே கும்பிட்டு முடித்தாள்.

விடிய மழை. மண்டபத்தில் கூறைத்தட்டில் கொடி வைக்கிற இடத்தில் மஞ்சள் கயிறு ஒன்றை ஐயர் வைத்தார். கேட்ட ஆட்களுக்கு, பத்தர் பிந்திவிட்டார் என்று அருந்ததி முகம் மாறாமல் சொன்னாள். ஜெகதீஸ்வரி பெண் அறையில் தலை நிறையப் பூவோடு இருந்தாள். அறை யன்னல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தது. நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கத் தொடங்கியபோது ஜீப்பின் இரைச்சல் கேட்டது.

மண்டபம் ஒரு கணத்தில் வேறு மண்டபமாயிற்று. நாதஸ்வரம் பாதியில் நின்றது. சுற்றிவளைப்பு என்று யாரோ சொல்ல, வடக்கிலிருந்து லொட்ஜில் வந்து தங்கியிருந்த இரண்டு பெடியள் சமையற்கட்டுப் பக்கம் ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்தார்கள். ஜெகதீஸ்வரியின் அம்மா கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மகளுக்கு முன்னால் குறுக்கே நின்றாள். நேற்றைக்கு லிஃப்டில் ஜயந்த நின்ற மாதிரியே நின்றாள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். மனம் மாறியிருப்பார்கள். மணக்கோலத்தோடே ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அம்மாவைத் தாண்டி யன்னலால் பார்த்தாள்.

ஜீப்பின் பக்கத்தில் குடையில்லாமல் பாலசுந்தரம் நின்றார். காதோரம் பஞ்சும் பிளாஸ்ரரும். சட்டை நேற்றையதேதான். பக்கத்தில் நின்ற காவலன் ஜயந்த அல்ல, வேறொருவன். 'ஒருவர் மரணம்' என்று வானொலி சொன்னது ஞாபகம் வந்தது. அருந்ததி பட்டுச்சேலை நனைய நனைய வாசல் படலையடிக்கு ஓடினாள். அவர் பையிலிருந்து மஞ்சள் துணிப் பொதியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். என்னவோ சொன்னார். அருந்ததி உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டுவதும் அவர் தலையாட்டி மறுப்பதும் தெரிந்தது.

அவர் சொன்னதைப் பிறகு அருந்ததி சொன்னாள். கூட்டத்தில் மாலைக்கு மேல் மாலை போடுவார்கள், உங்கள் பையில் இருந்தால் டப்பா தட்டுப்படும் என்று ஜயந்ததான் அதை வாங்கித் தன் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். குண்டு விழுந்தபோது இவரைத் தள்ளிவிட்டு மேலே விழுந்தவனும் அவன்தான். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. நினைவு வந்ததும் அவன் முதலில் கேட்டது தன் காற்சட்டை எங்கே என்றுதானாம். அதைத் தேடி எடுக்க விடிந்துவிட்டது. டப்பா ஒரு பக்கம் நெளிந்திருந்தது. உள்ளே வரும்படி கூப்பிட்டதற்கு, "நான் கால் வைச்ச இடத்துக்குப் பின்னால என்ன வருமெண்டு தெரியாது தங்கச்சி. பிள்ளையின்ர கலியாணம் நல்லா நடக்கட்டும்" என்றாராம். வோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவள் கண்டது, ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியவர் ஒருதரம் நிமிர்ந்து யன்னலைப் பார்த்ததைத்தான். அவளைக் கண்டுகொண்டார். அருந்ததி பொதியோடு படியேறுவதை விரலால் காட்டினார். பிறகு தன் இரண்டு கண்ணையும் சின்னப் பிள்ளை மாதிரி இறுக மூடிக் காட்டினார்.

ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அருந்ததி கூடத்துக்குள் வருகிற காலடி கேட்டது. கயிற்றை எடுத்துவிட்டு இதை வையுங்கோ ஐயர் என்ற குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நாதஸ்வரம் தயங்கித் தயங்கித் திரும்பத் தொடங்கியது. அதற்கு அடியில், ஜீப்பின் இரைச்சல் ஒழுங்கையால் ஏறிக் காலி வீதிக்குத் திரும்புவதை அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது தேய்ந்து பஸ் சத்தங்களோடு கலந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு சத்தம் ஏதும் வருகிறதா என்று.

"எழும்பு பிள்ளை, கூப்பிடுகினம்," என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

ஒன்றும் வரவில்லை. மழைதான் பெய்தது. கண்ணைத் திறக்காமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெகதீஸ்வரி எழுந்தாள்.